முப்பது பாகம்

குண்டு ஆசீர்வாதம் குண்டானவன் இல்லை. ஒல்லியான, நெட்டையான ஆள். வாசல்படியில் குனிந்து குனிந்து பழகி, தெருவில் நடக்கும்போதும் கொஞ்சம் குனிந்தபடிதான் நடப்பான். துறைமுகத்தில் அளவைப் படகில் நின்று ஈயக்குண்டு போட்டு ஆழம் பார்க்கிற வேலை. அதனால் வந்த பெயர் அது. ராயபுரத்தில் ஒருவனுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால் ஞானஸ்நானம் கொடுத்த சாமியாரே அப்புறம் அவன் சொந்தப் பெயரை மறந்துவிடுவார்.

அந்த வேலையைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெற்கே இருந்து கடல் மணலை வாரிக்கொண்டு வந்து துறைமுக வாயில் கொட்டிக்கொண்டே இருக்கும். அதற்கு லீவு கிடையாது. கப்பல் தரை தட்டாமல் உள்ளே வரவேண்டுமானால் எங்கே எவ்வளவு தூர்ந்திருக்கிறது என்று அளந்துகொண்டே இருக்க வேண்டும். ஆசீர்வாதம் இடுப்பில் கித்தான் பட்டையைக் கட்டிக்கொண்டு படகின் மூக்கிலிருந்து வெளியே சாய்ந்து நிற்பான். குண்டை ஊஞ்சல்போல ஆட்டி முன்னால் எறிவான். கயிற்றில் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் அடையாளம் கட்டியிருக்கும். ஓரிடத்தில் தோல் வார், ஓரிடத்தில் சிவப்புத் துணி, ஓரிடத்தில் வெறும் முடிச்சு. இரண்டு கைகளையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். விரல் எதைத் தொட்டதோ அதை வாய் உடனே கத்திச் சொல்லும். "அஞ்சு பாகம்! அஞ்சே கால்!" குண்டின் அடியில் ஒரு குழி உண்டு. அதில் ஆட்டுக் கொழுப்பை அப்பிவிட்டால் மணலா, சேறா, கிளிஞ்சலா என்று அடித்தரையே ஒட்டிக்கொண்டு மேலே வரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருமுறை கயிறு கைநழுவிக் குண்டு போய்விட்டது. 'குண்டை முழுங்கினவன்' என்று படகில் இருந்தவர்கள் ஒரு வருஷம் சிரித்தார்கள். அன்றிலிருந்து கயிற்றின் கடைசி முனையை இடது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்வான். துறைமுகத்தின் அடியில் இருப்பது சேறும் மணலும்தான். குண்டு போய் மாட்டிக்கொள்ள அங்கே ஒன்றும் கிடையாது. அதனால் யாரும் அந்தப் பழக்கத்தைத் தப்பு என்று சொல்லவில்லை.

அறுபத்தொன்பதாம் வருஷம் கோடையில் மலைமேல் ஏரிகளை அளக்கத் துறைமுகத்தில் ஆள் கேட்டார்கள். நீலகிரிப் பக்கம் ஓடைகளை மறித்துக் கட்டிய ஏரிகள். மழைக்கு மழை எவ்வளவு மண் இறங்கியிருக்கிறது, இன்னும் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று சர்க்காருக்குத் தெரியவேண்டியிருந்தது. கரையில் கருவி வைத்துப் பார்த்துக் கணக்குப் போட அவர்களிடம் ஆள் இருந்தது. தண்ணீர்மேல் நின்று குண்டு போட ஆள் இல்லை.

தெருவுக்கு இது பெரிய தமாஷாகப் போயிற்று.

"மலை மேல இன்னா மச்சான் ஆயம்? குச்சிய வுட்டுப் பாத்தா போதாதா?" என்றான் இன்னாசி. இவன் ஆசீர்வாதத்தின் பெண்டாட்டி ஃப்ளோரன்ஸுக்குக் கூடப்பிறந்த அண்ணன். காசிமேட்டில் படகு வைத்திருந்தான். ஆழத்தை ஆயம் என்றுதான் எங்கள் பக்கம் சொல்வார்கள்.

"சர்க்காரு சோறு போட்டு, குளுரு காட்டி, இட்டுகினு போவுது. நீ ஏன் வயிறு எரியற?" என்றான் ஆசீர்வாதம்.

ஃப்ளோரன்ஸ் மூர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பழைய ஸ்வெட்டர் ஒன்று வாங்கி வந்தாள். கத்திரி வெயிலில் அதை மாட்டிக்கொண்டு தெரு முழுக்க ஒரு சுற்று வந்து காட்டினான் ஆசீர்வாதம். வேர்வை கழுத்தில் ஓடியது. "கயட்டுய்யா, பாக்கறவங்களுக்கே வேர்க்குது" என்று எதிர்வீட்டு முத்தம்மா கத்தினாள். ஃப்ளோரன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் குழந்தை இல்லை என்று தெருவுக்குக் கவலை. அவர்கள் இரண்டு பேரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஜூன் மாதத்தில் ஒரு மத்தியானம். தார் ரோடு இளகிச் செருப்பைப் பிடித்து இழுக்கிற வெயில். கடல்காற்று இன்னும் ஏறவில்லை. ஃப்ளோரன்ஸ் வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். துறைமுக ஆபீஸ் பியூன் சைக்கிளை விட்டு இறங்கி, அதைச் சுவரில் சாய்க்காமல் பிடித்தபடியே நின்றான்.

"இன்னாண்ணா?"

"இன்னாசி இல்லியாம்மா?"

"கடலுக்குப் பூட்டாரு. இன்னான்னு சொல்லு."

"தந்தி வந்துகீது. மலைல... ஏரில வுயுந்துட்டாராம். தேடினு கீறாங்களாம்."

"யாரு, அவரா? அவரு நீஞ்சுவாரே." அவள் மறுபடி ஒரு நெத்திலியைக் கையில் எடுத்துத் தலையைக் கிள்ளினாள். "அவருக்கு நல்லா நீச்சல் தெரியும்ண்ணா. வேற யாராச்சும் இருக்கும்."

தட்டிலிருந்த மீன் முழுவதையும் ஆய்ந்து, கழுவி, உப்புப் போட்டு மூடி வைத்த பிறகுதான் அவள் எழுந்து நின்று அலறினாள். அந்த அலறலில் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

எங்கள் தெருவுக்கு டெலிபோன் என்றால் காஜா மொய்தீன் பாயின் விறகுத் தொட்டியில், அதாவது மரம் அறுத்து விற்கிற கடையில், இருப்பதுதான். மறுநாள் காலை மலையிலிருந்து டிரங்க் கால் வந்தது. பாய் ரம்பத்தை நிறுத்தச் சொல்லி, மரம் அறுக்கிறவர்களை வெளியே அனுப்பிவிட்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். ஸ்டூலில் யாரும் உட்காரவில்லை. முதலில் இன்னாசி பேசினான். பேசினான் என்ன, "ஆங்... ஆங்..." என்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் மனோகரன் என்கிற சின்ன எஞ்சினியர். அளக்கிற வேலைக்கு அவன்தான் பொறுப்பு.

இன்னாசி போன் வாயைப் பொத்திக்கொண்டு எங்களிடம் சொன்னான். குண்டு அடியில் எதிலோ மாட்டிக்கொண்டதாம். காற்று படகை ஒரு பக்கம் தள்ள, கயிறு விறைத்து ஆளை இழுத்துக்கொண்டு போய்விட்டதாம். கயிறு கையில் சுற்றியிருந்ததாம், இடுப்பில் பட்டை கட்டவில்லையாம்.

"கொக்கி வுட்டு இயுக்கட்டுமான்னு கேக்கறாரு. குடும்பத்துல சரின்னு சொன்னாத்தான் வுடுவாங்களாம்."

"கொக்கியா?" முத்தம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். கடைவீதியில் மீன் விற்கிறவள், குரலும் அதற்கேற்ற குரல். "அதெல்லாம் வோணவே வோணாம். எங்கண்ணன் புள்ளைய கொக்கி வுட்டுத்தானே எடுத்தானுங்க? மூஞ்சி மூஞ்சியாவா வந்துச்சு? பெத்தவளுக்கே அடையாளம் தெரியல. இன்னிக்கு ஒரு நாளு, நாளைக்கு ஒரு நாளு. மூணா நாளு தானா மெதந்து வந்துடும். என் வூட்டுக்காரரு வர்ல? தூங்கறவராட்டம் வந்து ஒதுங்கல?"

வாங்கினதைக் கடல் மூன்றாம் நாள் கொடுத்துவிடும். இது எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியும். முத்தம்மாவின் புருஷன் சுப்புராயன் எண்ணூர்ப் பக்கம் கட்டுமரம் கவிழ்ந்து போனவன். மூன்றாம் நாள் விடியற்காலை திருவொற்றியூர்க் கரையில் கிடந்தான். அவனை அங்கே போய் யாரும் தேடவில்லை. வருவான் என்று கரையில் போய் உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். இந்துக்கள் வீடு, வேதக்காரர் வீடு என்று இதில் வித்தியாசம் கிடையாது. கடலில் போனவனுக்குக் காத்திருக்க வேண்டும், கிளறக்கூடாது.

இன்னாசி தங்கையைப் பார்த்தான். "நீ இன்னாமே சொல்ற?"

ஃப்ளோரன்ஸ் போனை வாங்கிக் காதில் வைத்தாள். அதற்குமுன் அவள் போனில் பேசினது இல்லை. அந்தப் பக்கக் குரல் எங்களுக்கும் கொசு ரீங்காரம் மாதிரிக் கேட்டது.

"அக்கா, கயிறு அவர் கையோடதான் இருக்குதுங்க. அடியில மரத்துல மாட்டியிருக்குது. இப்பவே கொக்கி விட்டா கயிறாவது சிக்குமுங்க. எடம் தெரியுதுங்க, மெதவை கட்டி விட்டிருக்கறோம். காத்து பலமானா அதும் நகந்துருங்க. இங்க தண்ணி ரொம்பக் குளிருங்க அக்கா. தானா மேல வராதுங்க."

எல்லாவற்றையும் சொன்னான் பாவம். ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் மீசை முளைக்காத பையனின் குரலாக இருந்தது. அந்தக் குரல் தண்ணீரைப் பற்றி எங்களுக்குப் பாடம் சொன்னால் யார் கேட்பார்கள்?

"கொக்கி வோணாம் சார்," என்றாள் ஃப்ளோரன்ஸ். "அவரு மேல காயம் பட வோணாம். அவரே வந்துடுவாரு."

அத்தனை பேரும் தலையாட்டினோம். பாய் மட்டும், "யா அல்லா, அந்தப் புள்ள இன்னாவோ சொல்லுதே, கொஞ்சம் ரோசன பண்ணுங்க" என்றார். பாய்க்கு மரத்தைப் பற்றித் தெரியும், கடலைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டோம்.

அன்று இரவு ரயிலில் இன்னாசி கிளம்பினான். கிளம்புமுன் தொட்டியில் தச்சு வேலை பார்க்கிற ராசையாவிடம் பெட்டிக்குச் சொல்லிவிட்டுப் போனான். "நெட்ட ஆளு ராசையா. காலு மடங்கக் கூடாது." பாய் நல்ல பலகையாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். காசிமேட்டுக் கல்லறையில் குழிக்கும் சொல்லியாயிற்று. ஃப்ளோரன்ஸின் வாசலில் கீற்றுப் பந்தல் போட்டார்கள். எடுக்கிற வரைக்கும் சாவு வீட்டில் உலை வைக்கக்கூடாது என்பதால் தெருவில் ஆளுக்கொரு வேளை கஞ்சியும் ரசமும் கொண்டுவந்து வைத்தார்கள். வருகிறவர்களுக்குக் காப்பியும் பொறை ரொட்டியும். அவளுக்குப் பொறையைத் தோய்த்துக் கொடுத்தால் கையில் வைத்துக்கொண்டே இருப்பாள். அது ஊறி மடியில் விழும்.

மூன்றாம் நாள் காலையில் பெண்கள் அவளைக் குளிக்கவைத்து வெள்ளைப் புடவை எடுத்து வைத்தார்கள். தொட்டியில் ரம்பம் ஓடவில்லை. போன் அடித்தால் கேட்காமல் போய்விடுமே என்று பாய் வேலையை நிறுத்திவிட்டார். அன்றைக்குப் போன் அடிக்கவே இல்லை. பொழுது சாய்ந்து, மாதா கோயிலில் திரிகால மணி அடித்து, கடல்காற்று வந்து பந்தல் கீற்றைச் சலசலவென்று ஆட்டியது. யாரும் எழுந்து போகவில்லை.

"குளுரு தண்ணியாமே," என்றாள் முத்தம்மா. "ஒரு நாளு சேத்துதான் ஆவும். அதான் நாயம்."

நான்காம் நாளும் அதையே சொன்னாள். ஐந்தாம் நாள் சொல்லவில்லை. அன்றைக்கு ஃப்ளோரன்ஸ் தானே எழுந்து தொட்டிக்குப் போய், அந்த மலை ஊருக்குக் கால் போடச் சொல்லி, லைன் கிடைக்கிற வரைக்கும் மரத்தூளில் நின்றாள்.

"கொக்கி வுடுங்க சார்," என்றாள். "இன்னா ஆனாலும் பரவால்ல. வுடுங்க."

அந்தப் பக்கம் மழைச் சத்தம் போனிலேயே கேட்டதாம். முந்தின நாள் சாயங்காலம் மலையில் பருவமழை பிடித்துவிட்டது. மிதவை போன இடம் தெரியவில்லை. பனி மூட்டத்தில் எதிர்க்கரையே தெரியாமல், கரையிலிருந்து கருவியில் பார்த்து இடம் சொல்ல முடியவில்லை. ஆனாலும் கொக்கி விட்டார்கள். விட்டுக்கொண்டே இருந்தார்கள்.

பெட்டி தயாராகி ராசையாவின் பட்டறையில் சுவரோரமாக நின்றது. அதைப் பார்க்க எல்லாருக்கும் சங்கடமாக இருந்தது. படுக்கவைத்தால் இன்னும் சங்கடம். அப்படி இருக்கும்போதுதான் கொருக்குப்பேட்டையில் ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆன தாமஸ் செத்துப்போனார். அவசரத்துக்கு அவர் வீட்டில் வந்து கேட்டார்கள். பாய் முடியாது என்றார். ராசையா தலையைச் சொறிந்தான். கடைசியில் ஃப்ளோரன்ஸிடமே வந்து கேட்டார்கள்.

"குடுத்துடுங்க," என்றாள் அவள். "அந்த வூட்லயாச்சும் ஆளு கீறாரே, பெட்டில வைக்க."

தாமஸ் குள்ளமான மனுஷர். அந்தப் பெட்டியில் கால்மாட்டில் அவ்வளவு இடம் மிச்சம் இருந்தது. அவர் பிள்ளைகள் அதில் அவருடைய தலையணை, கம்பளி எல்லாவற்றையும் வைத்து அடைத்தார்கள். காசிமேட்டில் வெட்டி வைத்த குழியும் அவருக்கே ஆயிற்று. ஆசீர்வாதத்துக்கு என்று இந்தப் பூமியில் எடுத்து வைத்தது ஒன்றும் பாக்கியில்லை.

இன்னாசி திரும்பி வந்தபோது ஆள் பாதியாக இருந்தான். உதடு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. வாசலில் நின்று உள்ளே வரத் தயங்கினான். ஃப்ளோரன்ஸ் அவனைப் பார்க்காமல் அவன் பின்னால் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை.

"உக்காருண்ணே. காப்பி குடி."

அவன் உட்கார்ந்து டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அப்புறம் பேச ஆரம்பித்தான், யாரும் கேட்காமலே.

"அது தண்ணியே இல்லமே. கடலு ஒரு சத்தம் போடும், ஒரு வாசன வரும். அது கம்முனு கீது. கருப்பா கீது. கைய வுட்டா வெரலு மரத்துப் பூடுது. நான் எறங்கறேன்னேன். அந்த எஞ்சினீரு காலப் புட்சிக்கினான், வோணாண்ணேன்னு. எறங்கினேன். நெஞ்சு வரைக்கும் போனேன், மூச்சே வர்ல. மேல ஏத்தி வுட்டு நெருப்பு மூட்டி ஒக்கார வெச்சாங்கோ. அடியில காடே கீதுமே. அணை கட்டச்சொல்லோ மரத்த வெட்டல போல. எல்லாம் நின்ன வாக்குல அப்பிடியே நிக்குதாம். கொக்கி வுட்டா கெள வருது. ஒவ்வொரு தபாவும் கனமா வருது. ஒவ்வொரு தபாவும் மச்சான்தான்னு நெனச்சு மாதாவே மாதாவேன்னு இயுக்கறேன். கெள. கருப்பா, எல இல்லாத கெள. எத்தினி கெள இயுத்துருப்பேன்னு எனக்கே தெரியல."

"முங்கறவங்க இல்லியா? நம்ம ஆர்பர்ல இரும்புத் தொப்பி போட்டுக்கினு முங்கறாங்களே?" என்று முத்தம்மா கேட்டாள்.

"கேட்டேன்க்கா. நானே போன் போட்டுக் கேட்டேன். அந்த ஆயத்துக்கு அந்தக் குளுருல எறங்கற ஆளு இங்க இல்லியாம்."

"தண்ணிய தொறந்து வுடச் சொன்னா?"

"மயை காலத்துல ரொப்பறதுக்குத்தான் ஏரியே கீது. அத்த எவன் தொறப்பான்? கரண்டு எடுக்கறாங்கோ. நானும் அங்க கீற பெரிய ஆபீசரு கால்ல வுயுந்துட்டேன். அவரு அழுவறாரு, நானும் அழுவறேன். அம்மாந்தான்." டம்ளரைக் கீழே வைத்தான். "அந்தப் புள்ள மொதல் நாளே சொல்லிச்சு. நாந்தான் போன உங்கைல குடுத்துட்டேன். நானே வுடுன்னு சொல்லிருக்கணும்."

"நாந்தானே வோணாம்னேன்," என்றாள் ஃப்ளோரன்ஸ்.

முத்தம்மா எழுந்தாள். சமையற்கட்டுக்குப் போனாள். சுள்ளி ஒடிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் புகை வந்தது. உலை வைக்கக்கூடாத வீட்டில் அவளாகவே அடுப்பை மூட்டிவிட்டாள். பொங்கின சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து கொண்டுவந்து ஃப்ளோரன்ஸின் முன்னால் உட்கார்ந்து, "வாயத் தொற" என்றாள். அவள் திறந்தாள். ஊட்டிக்கொண்டே முத்தம்மா அழுதாள். "எங்கடலப் பத்தி எனுக்குத் தெரியும்னு பேசிட்டேன்டி கண்ணு. பாவி நானு. ஊருல கீற தண்ணியெல்லாம் ஒரே தண்ணின்னு நெனச்சிட்டேன்."

பந்தலைப் பிரித்தார்கள். கோயிலில் அவனுக்காக ஒரு பூசை வைத்தார்கள். கறுப்புத் துணி போர்த்திய வெறும் பெஞ்சைச் சுற்றி மெழுகுவத்தி ஏற்றி, சாமியார் தீர்த்தம் தெளித்தார். ஃப்ளோரன்ஸ் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்ததும் சாமியாரிடம் ஒன்று கேட்டாள்.

"தாலிய எப்ப சாமி கய்ட்டணும்?"

குழியில் இறக்கும்போது கழற்றுவது எங்கள் வழக்கம். இறக்கினால்தானே? "ஒனக்கு எப்ப தோணுதோ அப்பம்மா" என்றார் சாமியார். அவளுக்குத் தோன்றவில்லை. தாலியோடு இருந்தால் சிலபேர் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கழற்றியிருந்தாலும் அந்தப் பார்வை இருந்திருக்கும். சுமங்கலிகள் கூடுகிற இடத்துக்கு அவளாகவே போகவில்லை. விதவைகள் உட்காருகிற பக்கமும் போகவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். ஆழம் தெரிந்துகொள்வதற்கென்றே ஒருவன் போனான், அவனைக் கட்டினவளுக்கு நிற்க ஓர் இடம் இல்லாமல் போயிற்று. இதற்கு யாரைத் திட்டுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் வயிறாரத் திட்டியிருப்போம்.

ஆகஸ்டு கடைசியில் மனோகரன் வந்தான். யாரும் கூப்பிடவில்லை. கையில் ஒரு கூடை பேரிக்காய். தெருவில் மூன்று இடத்தில் வழி கேட்டு வந்ததால், அவன் வீட்டுக்குள் நுழைவதற்குள் பாதித் தெரு அங்கே இருந்தது. நிஜமாகவே சின்னப் பையன்தான். கடன்காரன் மாதிரி வாசலில் நின்றான்.

"உள்ள வா தம்பி," என்றாள் ஃப்ளோரன்ஸ். அவனைப் பார்த்ததும் சார் என்று சொல்ல அவளுக்கு வரவில்லை.

"வேலை முடிஞ்சதுங்க அக்கா. எல்லா ஏரியும் அளந்தாச்சு. என்னை வேற ஊருக்கு மாத்தீட்டாங்க. போறதுக்கு முன்ன உங்களைப் பாக்காம போக மனசு வரலீங்க."

"தண்ணி எறங்கிச்சா?"

"இல்லீங்க. ஏறிட்டுத்தான் இருக்குது."

அவன் உட்காரவில்லை. இன்னாசி ஒரு மூலையில் குந்தியிருந்தான், வலைக் கயிற்றுச் சுருள் அவன் பக்கத்தில் கிடந்தது. முத்தம்மா வாசற்படியில்.

"நான் உங்களைக் கேட்டிருக்கவே கூடாதுங்க அக்கா. கேக்காம கொக்கி விட்டிருக்கோணும். பயந்துட்டேனுங்க. நான் பொறுப்புல இருந்து இப்பிடி ஒண்ணு நடந்ததில்லீங்க."

"நீ சொன்னே தம்பி. கயிறு கீதுன்னு சொன்னே, குளுருன்னு சொன்னே. எல்லாம் எங்காதுல வுயுந்துச்சு. கடலு பாக்காத புள்ள இன்னாவோ ஒளறுதுன்னு நெனச்சேன்." குரலில் கோபமே இல்லை. அதுதான் கேட்கக் கஷ்டமாக இருந்தது. "ஒண்ணு சொல்லு. அவரு ஏன் வர்ல? கயிறு புட்சிக்கினு கீதா?"

"கயிறும்தாங்க. கயிறு இல்லீன்னாலும் வரமாட்டாருங்க. ஒடம்பு ஊதினாத்தான் மேல வரும். அந்த அடித் தண்ணிக் குளிருக்கு ஊதாதுங்க."

"ஊதாதா?"

"ஊதாதுங்க."

ஃப்ளோரன்ஸ் ஓரடி முன்னால் வந்தாள். "அப்ப அவரு போன வாக்குலயே கீறாரா? மூஞ்சியெல்லாம் அப்பிடியே?"

மனோகரன் பேரிக்காய்க் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ரொம்ப நாளைக்கு அப்பிடித்தாங்க இருக்கும்," என்றான், யாருக்கும் கேட்காத மாதிரி.

எல்லாருக்கும் கேட்டது. முத்தம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அந்த எடத்துல எம்மாம் ஆயம்?"

"முப்பது பாகமுங்க. கடைசியா அவரு கூவினதே அதுதானுங்க."

"முப்பது பாகம்னா எவ்ளோண்ணே?" என்று இன்னாசியின் பக்கம் திரும்பினாள்.

"இன்னாமே கேக்கற? முப்பது பாகம்னா முப்பது பாகம்தான்."

"எனுக்கு காட்டு."

"வோணாம்மே."

"காட்டுண்ணே. எம்மாந்தூரத்துல கீறாருன்னு நான் பாக்கணும்."

இன்னாசி எங்களைப் பார்த்தான். அவன் கயிற்றுச் சுருளை இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்து, கைகளை அகல விரித்து அளக்க ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினவன் பாதியில் நிறுத்தி மனசுக்குள் எண்ணினான். அளந்து முடித்து அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டான். முடிச்சைப் பிடித்தபடி வாசலில் நின்றுகொண்டு, மறுமுனையை அவள் கையில் கொடுத்தான்.

ஃப்ளோரன்ஸ் கயிற்றை இழுத்துக்கொண்டு தெருவில் நடந்தாள். முத்தம்மா வீட்டைத் தாண்டினாள். அடுத்தடுத்த வீடுகளைத் தாண்டினாள். வாசலில் இருந்தவர்கள் கால்களை மடக்கிக்கொண்டார்கள். சைக்கிளில் வந்தவன் கயிற்றைப் பார்த்து இறங்கி நின்றான். முத்தம்மா பின்னாலேயே போனாள். தெருக்குழாயில் சாயங்காலத் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையில் இருந்தன. முதல் குடத்தண்டை போனதும் கயிறு விறைத்தது. அவள் நின்றுவிட்டாள். குழாயடியில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவளையும் கயிற்றையும் பார்த்தார்கள்.

அவள் திரும்பிப் பார்த்தாள். வாசலில் இன்னாசி நிற்பது நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் அந்தப் பையன் நிற்பதும், அவன் கண்ணைத் துடைப்பதும்கூடத் தெரிந்தது.

"அண்ணே," என்றாள். கத்தவில்லை.

"இன்னாமே?" என்று அங்கிருந்து குரல் வந்தது.

ஃப்ளோரன்ஸ் முத்தம்மாவைப் பார்த்தாள்.

"கூப்ட்டா கேக்கற தூரம்தான்க்கா," என்றாள்.